உண்டியலுக்கு இரண்டு பூட்டு: லினக்ஸ் சர்வரில் ஃபைல் பகிர்வு

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்)



மலருக்குக் கவிதை கொடுக்கலாம் என்றுதான் போனேன். "கவிதை ஏற்கெனவே நாற்பது வந்து கிடக்கு. நீ லேபில் சர்வர் வச்சியே, அதை எழுதிக் கொடு. ஜூனியர் பசங்களுக்காவது பிரயோஜனப்படும்" என்றார் மலர்க்குழு ஸார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: மலரில் ஆங்கில எழுத்தே இருக்கக் கூடாதாம். லினக்ஸைப் பற்றி ஆங்கில எழுத்து இல்லாமல் எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில், கமாண்டுகளை நாம் லேபில் வாயால் சொல்லுகிற மாதிரியே எழுதிவிட்டேன். கீபோர்டில் தட்டும்போது சின்ன ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பென் டிரைவ் படுத்திய பாடு

எங்கள் லேபில் 22 விண்டோஸ் மெஷின்கள். வகுப்பில் 62 பேர். இந்த வாரம் 7-ஆம் நம்பர் மெஷினில் செய்த புரோகிராம், அடுத்த வாரம் 15-ஆம் நம்பரில் உட்கார்ந்தால் கிடைக்காது. அதனால் ஆளுக்கொரு பென் டிரைவ். ஒருத்தன் பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் இருந்தால் போதும், மதியச் சாப்பாட்டுக்குள் லேப் முழுக்க ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். அதுவும் எல்லோரிடமும் பென் டிரைவ் இருப்பதில்லை. என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எனக்குப் பென் டிரைவ் வந்தது இரண்டாம் ஆண்டு பாதியில்தான். அதுவரை நண்பன் ஒருவனுடைய பென் டிரைவில் ஒரு ஃபோல்டர் கேட்டு வாங்கி ஒண்டுக்குடித்தனம் நடத்தினேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த லேப் அசிஸ்டென்ட் அண்ணன், ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காட்டி, "இதுல எதாவது பண்ண முடியுமா பாரு தம்பி" என்றார். 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. டிஸ்க். வேறு வேலைக்கு அது ஆகாது. ஆனால் ஃபைல் சர்வருக்கு அது தாராளம். சர்வர் படம் காட்ட வேண்டியதில்லை, பாட்டுப் பாட வேண்டியதில்லை. கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுக்க வேண்டும், கொடுத்ததை வாங்கி வைக்க வேண்டும். ஹோட்டலில் சர்வர் என்று யாரைச் சொல்கிறோமோ, இதுவும் அதே வேலைதான்!

காபிக் கடையில் பிறந்த சாம்பா

விண்டோஸ் மெஷின்கள் ஒன்றிடம் ஒன்று ஃபைல் கேட்கிற பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்து, பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்த பாஷை அது. லினக்ஸ் சர்வரை இந்தப் பாஷை பேச வைக்கிற மொழிபெயர்ப்பாளர்தான் சாம்பா.

இதை முதலில் எழுதியவர் ஒரு மாணவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்தில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 டிசம்பரில் எழுத ஆரம்பித்து 1992 ஜனவரியில் வெளியிட்டார். அந்தப் பாஷைக்கு இலக்கணப் புத்தகம் அவர் கையில் இல்லை. ஒயரில் போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்து, எதைக் கேட்டால் எது திரும்பி வருகிறது என்று கவனித்தே கற்றுக்கொண்டார். இதற்கு 'பிரெஞ்சு காபிக் கடை முறை' என்று பிற்பாடு அவரே பெயர் வைத்தார். பாஷை தெரியாத ஊரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் சர்வர் என்ன கொண்டுவந்து வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் நாமும் ஆர்டர் கொடுக்கலாம் இல்லையா? அதே மாதிரிதான். மைக்ரோசாஃப்டின் முழு ஆவணங்கள் சாம்பா குழுவுக்குக் கிடைத்தது 2007 டிசம்பரில்தான். ஐரோப்பிய ஆணையத்தின் வழக்கு முடிந்த பிறகு, பத்தாயிரம் யூரோ கட்டிப் பெற்றார்கள். நடுவில் போன 15 வருஷமும் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான்!

சாம்பா என்ற பெயருக்கும் நடனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலில் வைத்த பெயர் வேறொரு கம்பெனியின் டிரேட் மார்க்காக இருந்ததால், எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வருகிற வார்த்தை எது என்று அகராதி ஃபைலில் தேடச் சொன்னார். வந்த வார்த்தைகளில் ஒன்று சாம்பா.

ஒரு மணி நேரத்தில் வைத்தோம்

உபுண்டு சர்வர் ஏற்றினோம். சர்வருக்கு 192.168.1.10 என்று மாறாத முகவரி கொடுத்தோம். (முகவரி தினமும் மாறினால் 22 மெஷினும் அதைத் தேடி அலையும்.) பிறகு 'சுடோ ஏ.பி.டி. இன்ஸ்டால் சாம்பா'. சாம்பாவுக்கான கட்டளைகள் எல்லாம் 'எஸ்.எம்.பி. டாட் கான்ஃப்' என்ற ஒரே ஃபைலில் இருக்கும். அதில் ஒரு ஃபோல்டரைக் காட்டி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தம் வருகிற 'கெஸ்ட் ஓகே = எஸ்' என்ற வரியையும், எழுதவும் செய்யலாம் என்று அர்த்தம் வருகிற 'ரீட் ஒன்லி = நோ' என்ற வரியையும் போட்டோம்.

விண்டோஸ் மெஷினில் போய், இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு சர்வர் முகவரியைத் தட்டினோம். ஃபோல்டர் தெரிந்தது! கை தட்டினோம். அதில் ஒரு ஃபைலைப் போட்டுப் பார்த்தால் 'அக்சஸ் டினைடு' என்றது.

நெட்டில் தேடினோம். கிடைத்த பதில்களில் பாதிப் பேர் ஒரே மருந்தைத்தான் எழுதியிருந்தார்கள்: சி.ஹெச். மோட் 777. தட்டினோம். உடனே வேலை செய்தது. எச்.ஓ.டி. ஸார் வந்து பார்த்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். அந்த 777 என்ன செய்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேலை செய்கிறதே, பிறகென்ன!

போனது எங்கே?

நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தின வாரம், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தன் மினி புராஜெக்ட் ஃபோல்டரைத் திறக்கப் போனாள். இல்லை. ஆறு வாரம் செய்த வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. காலையில் முதல் பஸ் பிடித்து வந்து, லேப் திறந்தவுடன் உட்கார்ந்து செய்தது. "சர்வர்ல இருக்கே, பத்திரமா இருக்கும்"னு அவளிடம் சொன்னவனே நான்தான். அதை நம்பித்தான் அவள் பென் டிரைவில் வைப்பதையே விட்டிருந்தாள்.

ஓடிப்போய் விண்டோஸில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பார்த்தோம். அங்கேயும் இல்லை. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்: நெட்வொர்க் ஃபோல்டரில் அழிக்கிற ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. அது நம் மெஷினில் இருக்கிற டிஸ்க்குக்கு மட்டும் உள்ள வசதி. சர்வரில் அழித்தால் நேராகப் போய்விடும்.

யார் அழித்தது? சர்வரில் பார்த்தால் எல்லா ஃபைலுக்கும் சொந்தக்காரர் பெயர் 'நோபடி' என்று இருந்தது. கெஸ்ட்டாக வருகிற எல்லோரையும் சாம்பா அந்த ஒரே பெயரில்தான் உள்ளே விடுகிறது. 62 பேருக்கும் ஒரே முகம். கடைசியாக அந்த மெஷினில் உட்கார்ந்த ஒருவன்மேல் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. நாலு பேர் நடுவில் அவனைக் கேட்டுவிட்டோம். "நான் தொடவே இல்லைடா" என்றான். அவன் சொன்னது நிஜமா பொய்யா என்று காட்டுவதற்கு அவனிடமும் ஒன்றுமில்லை, எங்களிடமும் ஒன்றுமில்லை. ஒரு வாரம் அவன் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. யாரோ இடம் பற்றவில்லை என்று பழைய ஃபோல்டர்களை அழித்தபோது இதுவும் சேர்ந்து போயிருக்கலாம். இன்றுவரை தெரியாது.

அந்தத் தோழி, ரெக்கார்டு நோட்டில் ஒட்டியிருந்த பிரிண்ட் அவுட்டைப் பார்த்துப் பாதியைத் திரும்பத் தட்டினாள். மீதியை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து முடித்தோம். அந்த நாலு நாளும் அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு பூட்டு

அந்த வாரம் தினமும் வீட்டுக்கு லேட்டாகத்தான் போனேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. "என்னடா அப்படி ஒரு வேலை?" என்று கேட்டார். ஒரு பெட்டிக்குள் எல்லோரும் பொருள் வைக்கிறோம், எதைத் திறந்தால் யார் எடுப்பார்கள் என்பதில் தப்பு நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "நம்ம மாரியம்மன் கோயில் உண்டியலுக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி தர்மகர்த்தாகிட்ட, ஒரு சாவி பூசாரிகிட்ட. ரெண்டு பேரும் வந்தாத்தான் திறக்கும். உங்க பெட்டிக்கு எத்தனை பூட்டு?" என்றார்.

இரண்டுதான்! அதுதான் எங்களுக்குப் புரியாமல் இருந்தது.

முதல் பூட்டு சாம்பாவுடையது. எஸ்.எம்.பி. டாட் கான்ஃப் ஃபைலில் யார் வரலாம், எழுதலாமா, படிக்க மட்டுமா என்று எழுதுகிறோமே, அது. இரண்டாவது பூட்டு லினக்ஸுடையது. டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் சொந்தக்காரர் யார், குரூப் எது, யாருக்கு என்ன அனுமதி என்று இருக்கும். சாம்பா உள்ளே விட்டாலும், லினக்ஸ் விடவில்லை என்றால் கதவு திறக்காது. லினக்ஸ் விட்டாலும் சாம்பா விடவில்லை என்றால் திறக்காது. முதல் நாள் எங்களுக்கு வந்த 'அக்சஸ் டினைடு', இரண்டாவது பூட்டு ஒழுங்காகத் தன் வேலையைச் செய்ததால் வந்தது. நாங்கள் சாவி தேடவில்லை, பூட்டையே உடைத்துவிட்டோம்.

777 என்றால் என்ன? மூன்று இலக்கம், மூன்று வகை ஆள். முதல் இலக்கம் சொந்தக்காரருக்கு, இரண்டாவது குரூப்புக்கு, மூன்றாவது ஊரில் உள்ள மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. (ஃபோல்டர் என்றால் அந்த 1-க்கு 'உள்ளே நுழைய' என்று அர்த்தம்.) மூன்றையும் கூட்டினால் 7. ஆக 777 என்றால் எல்லோருக்கும் எல்லாமும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பரீட்சையில் கேட்டால் பாதிப் பேர் தப்பாகத்தான் எழுதுவோம். ஒரு ஃபைலை அழிப்பதற்கு லினக்ஸ் அந்த ஃபைலின் அனுமதியைப் பார்ப்பதே இல்லை! அது இருக்கிற ஃபோல்டரின் அனுமதியைத்தான் பார்க்கும். ஏன் என்றால், ஃபோல்டர் என்பது ஒரு பெயர்ப் பட்டியல், நம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி. ஃபைலை அழிப்பது என்பது அந்தப் பட்டியலில் இருந்து ஒரு பெயரை அடிப்பது. ரிஜிஸ்டரில் பேனா வைக்க அனுமதி உள்ளவன் யார் பெயரையும் அடிக்கலாம், அந்தப் பெயருக்கு உரியவனைக் கேட்க வேண்டியதில்லை. அதனால் 'என் ஃபைலை ரீட் ஒன்லி ஆக்கிட்டேன், இனி யாரும் அழிக்க முடியாது' என்று நினைத்தால் அது தப்பு. எழுத முடியாது, அவ்வளவுதான். அழிக்கலாம்.

இதற்கு மாற்று லினக்ஸிலேயே உண்டு. 'ஸ்டிக்கி பிட்' என்பார்கள். மூன்று இலக்கத்துக்கு முன்னால் நாலாவதாக ஒரு இலக்கம் போடலாம். அது 1 என்றால் ஸ்டிக்கி: ஃபோல்டரில் எல்லோரும் ஃபைல் போடலாம், ஆனால் அழிப்பதும் பெயர் மாற்றுவதும் அந்த ஃபைலின் சொந்தக்காரரோ, ஃபோல்டரின் சொந்தக்காரரோ, ரூட்டோ மட்டும்தான். அது 2 என்றால் 'செட் ஜி.ஐ.டி.': உள்ளே உருவாகிற ஃபைல் எல்லாம் ஃபோல்டரின் குரூப்பிலேயே சேரும். இரண்டும் வேண்டுமென்றால் 3.

திரும்பக் கட்டினோம்

முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர். 'குரூப் ஆட் தேர்டு' என்று வகுப்புக்கு ஒரு குரூப் உண்டாக்கினோம். பிறகு ஒவ்வொரு ரோல் நம்பருக்கும் 'யூசர் ஆட்' கமாண்டால் ஒரு கணக்கு. சர்வரில் உட்கார்ந்து லாகின் செய்ய வேண்டியதில்லை என்பதால் ஷெல்லை 'நோ லாகின்' என்று வைத்தோம். அதோடு முடியவில்லை. லினக்ஸில் கணக்கு இருந்தால் சாம்பாவிலும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சாம்பா தன் பாஸ்வேர்டுகளைத் தனியாக, விண்டோஸ் கேட்கிற வடிவத்தில் வைத்துக்கொள்கிறது. 'எஸ்.எம்.பி. பாஸ்வேர்டு' கமாண்டில் (வாயால் சொல்வது பாஸ்வேர்டு, தட்டுவது பி-ஏ-எஸ்-எஸ்-டபிள்யூ-டி) 'மைனஸ் ஏ' போட்டு அங்கேயும் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஒரு மதியம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டோம்.

பாஸ்வேர்டாக முதலில் ரோல் நம்பரையே வைத்தோம். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! அடுத்தவன் ரோல் நம்பர் யாருக்குத்தான் தெரியாது? மறுநாளே அதை மாற்றி, ஒவ்வொருவரையும் சர்வர் முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்து, நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவரவர் பாஸ்வேர்டை அவரவரே தட்டினார்கள். 62 பேருக்கும் முடிய மூன்று நாள் ஆனது.

பிறகு பெட்டியை இரண்டாகப் பிரித்தோம். சொந்த வேலைக்கு 'ஹோம்ஸ்' என்று சாம்பாவிலேயே ஒரு ஏற்பாடு உண்டு. அதைப் போட்டால், யார் எந்தப் பெயரில் வருகிறாரோ அவருடைய ஃபோல்டர் மட்டும் அவருக்குத் திறக்கும். புராஜெக்ட், ரெக்கார்டு எல்லாம் அங்கே. கொஸ்டின் பேங்க், நோட்ஸ் மாதிரி எல்லோரும் பார்க்க வேண்டியதற்கு 'பொது' என்று ஒரு ஃபோல்டர். அதற்கு நாங்கள் எழுதிய வரிகள் இவை:

[பொது]
பாத் = /எஸ்ஆர்வி/பொது
வேலிட் யூசர்ஸ் = @தேர்டு
ரீட் ஒன்லி = நோ
கிரியேட் மாஸ்க் = 0640
டைரக்டரி மாஸ்க் = 2750

வேலிட் யூசர்ஸ் வரியில் உள்ள அந்தச் சுழி '@' முக்கியம். இது ஆள் பெயர் இல்லை, குரூப் பெயர் என்று அது சொல்கிறது. கிரியேட் மாஸ்க் 0640 என்றால், போட்டவர் எழுதலாம் (6), வகுப்பில் மற்றவர் படிக்கலாம் (4), வெளியாள் ஒன்றும் செய்ய முடியாது (0). இது முதல் பூட்டு. இரண்டாவது பூட்டுக்கு, டிஸ்க்கில் அந்த ஃபோல்டரின் குரூப்பை 'தேர்டு' என்று மாற்றி, சி.ஹெச். மோட் 3770 கொடுத்தோம். மேலே சொன்ன ஸ்டிக்கியும் செட் ஜி.ஐ.டி.யும் சேர்ந்த 3 அது.

எழுதி முடித்ததும் 'டெஸ்ட் பார்ம்' என்று ஒரு கமாண்டு தட்டுங்கள். கான்ஃப் ஃபைலில் எழுத்துப் பிழை இருந்தால் சொல்லிவிடும். பிறகு சாம்பாவை ரீஸ்டார்ட் செய்து, ஃபயர்வாலில் சாம்பாவுக்கு வழி விட்டால் (அது 445-ஆம் நம்பர் போர்ட்டில் கேட்கிறது) வேலை முடிந்தது. இப்போது 'எஸ்.எம்.பி. ஸ்டேட்டஸ்' என்று தட்டினால் எந்த மெஷினில் இருந்து யார் வந்திருக்கிறார், எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார் என்று பெயரோடு தெரிகிறது. நாங்கள் சந்தேகப்பட்டோமே, அந்த நண்பன்தான் இதை முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தான்.

விண்டோஸின் ஞாபக சக்தி

எல்லாம் சரியாகக் கட்டிய பிறகும் ஒருநாள் ஒருவன் ஃபோல்டர் இன்னொருவனுக்குத் திறந்துவிட்டது. சர்வரில் தேடித் தேடிப் பார்த்தோம், தப்பு அங்கே இல்லை. லேபில் எல்லா விண்டோஸ் மெஷினும் 'ஸ்டூடன்ட்' என்ற ஒரே பொது லாகினில்தான் ஓடுகின்றன. காலை பேட்ச் பையன் சர்வருக்குக் கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் விண்டோஸ் அந்த லாகின் முடியும்வரை வைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்து உட்கார்ந்தவன் முந்தினவன் பெயரிலேயே உள்ளே போய்விட்டான். அது மட்டுமில்லை, ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போகவும் விண்டோஸ் விடாது. அதனால் தன் பெயரில் போக நினைத்தாலும் எர்ரர் வரும்.

தீர்வு சின்னது. எழுந்து போகும்போது விண்டோஸில் சைன் அவுட் செய்ய வேண்டும். அல்லது கமாண்ட் பிராம்ப்டில் 'நெட் யூஸ், நட்சத்திரம், ஸ்லாஷ் டெலிட்' என்று தட்ட வேண்டும். 'ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ்' என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடவே கூடாது. அதைப் போட்டால் மெஷினை ஆஃப் செய்தாலும் மறக்காது. ஒவ்வொரு மானிட்டர் மேலும் இதைத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒட்டின தாளில் மீசை வரைந்திருப்பவர்கள் தயவுசெய்து அதையும் ஒரு தடவை படிக்கவும்.

குப்பைத் தொட்டியும் நகலும்

நெட்வொர்க்கில் அழித்தால் ரீசைக்கிள் பின் கிடையாது என்றேன். சாம்பாவில் நாமே வைத்துக்கொள்ளலாம். 'வி.எஃப்.எஸ். ஆப்ஜெக்ட்ஸ் = ரீசைக்கிள்' என்று ஒரு வரி சேர்த்தால், அழித்த ஃபைல் அதே ஃபோல்டருக்குள் மறைவாக ஒரு ரீசைக்கிள் ஃபோல்டருக்கு நகர்ந்துவிடும். அதிலும் ஆளுக்கொரு அறை வைக்கலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை. அந்த மறைவு ஃபோல்டரை நீங்களே முன்கூட்டி உண்டாக்கி, குரூப் அனுமதியும் ஸ்டிக்கியும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முதலில் ஃபைலை அழிப்பவர் பெயரில் அது உருவாகிவிடும், மற்றவர்களுக்கு அதில் இடம் கிடைக்காது, அவர்கள் அழிப்பது நிஜமாகவே போய்விடும்.

ரீசைக்கிள் அழித்ததைத்தான் காப்பாற்றும். நல்ல புரோகிராமின்மேல் தப்பான புரோகிராமை அதே பெயரில் சேவ் பண்ணினால் அது ஒன்றும் செய்யாது. அதற்கு நகல் எடுத்துத்தான் ஆக வேண்டும். நகலுக்கு 'ஆர் சிங்க்' என்ற கமாண்டு இருக்கிறது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பி நகலைப் புதுப்பிக்கும். 1996-ல் அதை எழுதிய இருவரில் ஒருவர் யார் தெரியுமா? அதே டிரிட்ஜெல்தான்! இன்னொருவர் பால் மெக்கெராஸ்.

எங்கள் சர்வரில் இரண்டாவதாக ஒரு டிஸ்க் மாட்டி, திங்கள் முதல் ஞாயிறு வரை கிழமைக்கு ஒன்றாக ஏழு ஃபோல்டர் வைத்திருக்கிறோம். அன்றைய நகல் அன்றைய கிழமை ஃபோல்டருக்குப் போகும். ஒரே ஃபோல்டரில் 'மைனஸ் மைனஸ் டெலிட்' போட்டு நகல் எடுத்தால், இன்று தப்பாக அழித்தது இன்றைக்கே நகலிலும் அழிந்துவிடும். அப்புறம் நகல் எதற்கு? புத்தகங்களில் நகலை நள்ளிரவு 2 மணிக்கு எடுக்கச் சொல்லியிருக்கும். நம் லேபில் 5 மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் வாட்ச்மேன் தாத்தா பூட்டுவார். அதனால் நம் சர்வர் தினமும் 4.15-க்கு நகல் எடுக்கிறது.

வேறு சில

லினக்ஸ் மெஷின்களுக்குள் மட்டும் பகிர்வதென்றால் என்.எஃப்.எஸ். போதுமே என்று சிலர் கேட்டார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் உண்டாக்கியது. அமைப்பது சாம்பாவைவிட எளிது. ஆனால் சாதாரணமாக வைக்கிற முறையில் அது ஆளிடம் பாஸ்வேர்டு கேட்பதில்லை. எதிர் மெஷின் 'இவர் 1001-ஆம் நம்பர் யூசர்' என்று சொன்னால் அப்படியே நம்பிவிடும். தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து செருகி 'நான்தான் 1001' என்று சொல்லும் ஆசாமிகள் நம் வகுப்பிலேயே உண்டு. ரூட் என்று சொல்லிக்கொண்டு வந்தால் மட்டும் 'நோபடி' ஆக்கிவிடுவான் (அதற்கு ரூட் ஸ்குவாஷ் என்று பெயர்). இன்னொரு வேடிக்கை: என்.எஃப்.எஸ்.ஸில் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் மெஷின் முகவரிக்கும் அடைப்புக் குறிக்கும் நடுவில் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்தால், அடைப்புக் குறிக்குள் கொடுத்த எழுதும் அனுமதி அந்த முகவரிக்கு இல்லாமல் உலகத்துக்கே போய்விடும். ஒரே ஒரு ஸ்பேஸ்!

எலக்ட்ரானிக்ஸ் லேபில் விண்டோஸ் எக்ஸ்.பி. மெஷின் ஒன்று இருக்கிறது. அதையும் சர்வரில் சேர்க்கச் சொன்னார்கள். எக்ஸ்.பி.க்கு எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் பல நாடுகளில் பரவி, இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கியது, விண்டோஸில் அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சாம்பாவும் 2019-ல் வந்த 4.11 முதல் அந்தப் பதிப்பைத் தானாகவே மூடி வைத்திருக்கிறது. ஒரு மெஷினுக்காக அதைத் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் எக்ஸ்.பி.க்குப் பென் டிரைவ்தான்.

சர்வர் இப்போது லேபில் யு.பி.எஸ். பக்கத்து மேஜைக்கு அடியில் இருக்கிறது. ஏப்ரலோடு நாங்கள் போய்விடுவோம். ரூட் பாஸ்வேர்டு எனக்கும் லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். செகண்ட் இயர் தம்பி தங்கைகளில் யாராவது இரண்டு பேர் (ஒருத்தர் போதாது) சனிக்கிழமை மதியம் லேபுக்கு வாருங்கள். கான்ஃப் ஃபைலின் பிரிண்ட் அவுட்டும், எந்த வரியை ஏன் போட்டோம் என்று எழுதிய நோட்டும் தருகிறேன். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் 777 என்று எழுதி, சிவப்பு மையில் அடித்து வைத்திருக்கிறேன்.